மீன்பிடிக் கால்வாயை மூடினது நியாயமா? டெக்சஸ் கதையும் நம்ம கரையும்

#1 தூண்டில்காரன் (பட்டர்வொர்த்)

வணக்கம். இங்க எல்லாரும் மீன் படம் போடுவீங்க, இன்னைக்கு நான் போடுறது மீனே இல்லாத பதிவு. பொறுத்துக்குங்க.

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஹூஸ்டன்ல இருக்கார். 2016 நவம்பர்ல போனப்ப ரோலோவர் பாஸ்னு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். கால்வெஸ்டனுக்குப் பக்கத்துல பொலிவார்னு நீளமா நாக்கு நீட்டின மாதிரி ஒரு நிலம். ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடா, மறுபக்கம் காயல். நிலம் ஒடுங்கிப் போற இடத்துல குறுக்கே ஒரு கால்வாய், 1,600 அடி நீளம், 200 அடி அகலம். கடல் வெட்டினது இல்லை. 1950-களின் நடுவுல அந்த மாநிலத்து மீன் இலாகா வெட்டினது. காயல்ல உப்புத் தண்ணி கூடட்டும், மீன் உள்ளே போய் வரட்டும்னு. அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த இடத்துக்குப் பேர் வந்தாச்சு. கால்வெஸ்டன் சுங்கத்துக்குத் தப்பிக்க கப்பல்காரனுங்க பீப்பாய்களை அந்த ஒடுக்கமான நிலத்து மேல உருட்டியே மறுபக்கம் கொண்டு போவாங்களாம். அதான் ரோலோவர்.

நான் போன நேரம் அந்த ஊர் தட்டை மீன், நம்ம இக்கான் செபெலா மாதிரி, காயல்ல இருந்து கடலுக்கு இறங்குற பருவம். ரெண்டு பக்கச் சுவர்லயும் தோளோடு தோள் ஒட்டி ஆளுங்க. துருப்பிடிச்ச இரும்புத் தகட்டுச் சுவர், மேல லாரி போற பாலம், கீழே தண்ணி இழுக்குற இழுப்புல தூண்டில் ஈயம் தரையில நிக்காம உருண்டுகிட்டே போகுது.

அந்தக் கால்வாய் இப்ப இல்லை. 2019-ல மண் கொட்ட ஆரம்பிச்சு 2020-ல மூடிட்டாங்க. கரை அரிக்குது, காயலுக்குள்ள போற மணல் கப்பல் வாய்க்காலை அடைக்குது, தூர் வாரியே பணம் கரையுது, இதுதான் அரசாங்கம் சொன்ன காரணம். நிலத்துக்குச் சொந்தமான தூண்டில் கிளப் கோர்ட் வரைக்கும் போய்ப் பார்த்துச்சு. நடக்கலை.

நம்ம ஊர்ல இப்படிச் சொன்னா நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க? சும்மா கேக்கலை. இங்க பினாங்குல எங்க தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னாடி ஒரு பாரிட் (வாய்க்கால்) கடல்ல விழுது. பதினொரு சாம்பான் (சின்னப் படகு) கட்டுற இடம். போன வாரம் அளவுகோல் தூக்கிட்டு ரெண்டு பேர் வந்தாங்க. கரை அரிக்குதாம், வாயை அடைச்சு பிந்து ஆயர் (தண்ணிக் கதவு) போடலாம்னு பேச்சு.

#2 பாகான்_பையன்

மூடக்கூடாது. அவ்வளவுதான் லா. கால்வாயை அடைக்கிறவன் முதல்ல அந்தச் சாம்பானை எங்க கட்டுறதுன்னு சொல்லட்டும்.

#3 பழைய_டெக்னிஷியன்

முப்பது வருடம் கடற்கரை அளக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாகான் தம்பி கோபப்படாமல் படிக்கவும்.

மணல் ஓரிடத்தில் இருக்கிற பொருள் இல்லை. கரையோரமாக நடந்துகொண்டே இருக்கும். அலை சாய்வாக வந்து மணலை மேலே ஏற்றும், தண்ணீர் நேராக இறங்கும். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் மணல் ஒரு சாண் தள்ளிப் போகும். அந்த வழியில் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் ஏறும்போது மணலையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காயலில் கொட்டும். காயலில் அலை கிடையாது. போன மணல் திரும்பி வராது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற கரைக்கு வர வேண்டிய பங்கு வராது. கடல் அங்கே எடுப்பதை மட்டும் நிறுத்தாது. வரவு நின்றுபோய் செலவு மட்டும் ஓடுகிற வீடு மாதிரி.

ரோலோவரில் நடந்தது இதுதான். வெட்டிய கொஞ்ச காலத்திலேயே அரிப்பு தொடங்கி, இரும்புத் தகடு அடித்துச் சுவர் வைக்க வேண்டி வந்தது. தூண்டில்காரன் பார்த்தாரே துருப்பிடித்த சுவர், அது அழகுக்கு வைத்தது இல்லை.

2008 செப்டம்பர் 13 அன்று ஐக் புயல் அந்த நிலத்தின் மேல் ஏறிப் போனது. கால்வாயை ஒட்டிய கில்கிறிஸ்ட் என்ற ஊரில் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. சுற்றிலும் வெறும் தரை, நடுவில் ஒரே ஒரு வீடு நிற்கிற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டே மூடுவதற்குச் சட்டம் வந்தது. கணக்குப்படி பார்த்தால் மூடியது சரி.

#4 பாகான்_பையன்

அங்கிள், மரியாதையோடயே கேக்குறேன். அதே கரையில ஹை ஐலண்டுக்குக் கிழக்கே போற 87-ஆம் நெடுஞ்சாலையை 1990 வாக்குலயே கடல் தின்னுடுச்சு, இன்னைக்கு வரைக்கும் மூடித்தான் கிடக்கு. அங்க எந்தக் கால்வாய் இருந்துச்சு? கால்வாய் இல்லாத இடத்துலயும் அரிக்குது, இருக்கிற இடத்துலயும் அரிக்குது. பழி மட்டும் தூண்டில் போடுறவன் தலையில.

#5 பழைய_டெக்னிஷியன்

நல்ல கேள்வி. அந்தக் கரை முழுக்கவே மணல் பஞ்சம்தான். ஆறுகளில் அணை கட்டி மணல் வருவதை நிறுத்தியாகிவிட்டது, துறைமுக வாய்களில் கல்சுவர்கள் நீட்டியாகிவிட்டது. கால்வாய் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பல ஓட்டைகள் உள்ள சட்டியில் அது ஓர் ஓட்டை. அடைக்க முடிகிற ஓட்டை.

#6 பாகான்_பையன்

அடைக்க முடிகிற ஓட்டை இல்லை அங்கிள். அடைச்சா யாரும் கேக்க மாட்டாங்கிற ஓட்டை.

#7 நாகூர்_பேரன் (ஜார்ஜ்டவுன்)

அணையும் சுவரும்னு அங்கிள் சொன்னதும் ஞாபகம் வருது. எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி வந்தவர், அதனால அந்தக் கரைச் செய்தி கண்ணுல பட்டா விடாம படிப்பேன்.

சென்னைத் துறைமுகச் சுவர் 1870-கள்ல கடலுக்குள்ள நீட்ட ஆரம்பிச்சது. அங்க மணல் வருச மொத்தமாப் பார்த்தா தெற்குல இருந்து வடக்கே நடக்குது. சுவர்ல முட்டி தெற்குல குவிஞ்ச மணல்தான் இன்னைக்கு நாம போய் சுண்டல் தின்னுற மெரினா அகலம். வடக்குல ராயபுரத்தைக் கடல் தின்னுச்சு. அங்க கல்லு கொட்டினாங்க. கல்லு கொட்டின இடம் நின்னுச்சு, அரிப்பு அதுக்கும் வடக்கே நகர்ந்துச்சு. புதுச்சேரியிலயும் 1989-ல துறைமுகச் சுவர் வந்த பிறகு ஊர்க் கடற்கரையே காணாமப் போச்சு. தெற்குல சேர்ற மணலை அள்ளி வடக்கே கொட்டணும்னுதான் திட்டம். ஒழுங்கா அள்ளலை.

நான் சொல்ல வர்றது அந்த அள்ளுற வேலையைப் பத்தி. திறந்து வைக்கிறது, மூடுறது, ரெண்டு வழி மட்டும்தானா இருக்கு? கால்வாய்ல விழுற மணலை எடுத்து அந்தப் பக்கம் கொட்டினா கால்வாயும் இருக்கும், கரையும் இருக்கும்ல?

அப்புறம் ஒண்ணு. பழவேற்காட்டு ஏரி முகத்துவாரம் தூர்ந்து போனா அங்க மீனவங்களே மண்வெட்டியோட இறங்கி வெட்டித் திறப்பாங்க. வாய் மூடினா ஏரியில மீன் ஏறாது, படகு வெளிய போக முடியாது. ஒரு ஊர்ல அரசாங்கம் காசு செலவு பண்ணி மூடுது, இன்னொரு ஊர்ல சனம் கையால தோண்டித் திறக்குது. ரெண்டு பேரும் சொல்றது அதே மணல் கதைதான்.

#8 பழைய_டெக்னிஷியன்

நாகூர் தம்பி சொல்கிற முறை உலகத்தில் சில இடங்களில் நடக்கிறது. மணல் பம்பு வைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுவார்கள். ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை இல்லை, காலம் பூராவும் செய்ய வேண்டும். ஒரு வருடம் பட்ஜெட் இல்லை என்று விட்டால் புதுச்சேரிதான். இலாகாக்களுக்கு ரிப்பன் வெட்டுகிற வேலை பிடிக்கும், வருடா வருடம் பம்பு ஓட்டுகிற வேலை பிடிக்காது. இதை நான் உள்ளே இருந்து பார்த்தவன்.

#9 சீனி_குறைவா

நாலு பேரும் ஒரே மேசையில உக்காந்து தேத்தாரே குடிச்சிருந்தா பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்கும். ஒரு சந்தேகம், அந்தத் தட்டை மீன் சம்பால் சமைக்க ஆகுமா?

#10 மீன்காரி_மகள்

இந்த இழையை மூணு நாளா படிக்கிறேன். எல்லாரும் மணலைப் பத்தியே பேசுறீங்க. நான் வேற மாதிரி சொல்றேன்.

எங்கம்மா இருபத்தி ரெண்டு வருசம் மீன் வித்தாங்க. அஞ்சு மணிக்கு முன்னாடி பாரிட் வாய்ல நிப்பாங்க. தண்ணி ஏறியிருந்தா சாம்பான் படி வரைக்கும் வரும், சேலை நனையாம மீனை வாங்கிடலாம். தண்ணி இறங்கின நேரம்னா சாம்பான் அப்படியே சேத்துல உக்காந்திடும். முழங்கால் வரைக்கும் சேறு, ஒரு கையில கூடை, இன்னொரு கையால பலகையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாங்க. வீட்டுக்கு வந்ததும் கால் கழுவ மாட்டாங்க, முதல்ல மீனுக்கு ஐஸ். சேறு காய்ஞ்சு வெடிச்சுத் தானா உதிரும். வாசல்ல சாம்பல் நிறத்துல செதில் செதிலாக் கிடக்கும், நான்தான் கூட்டுவேன்.

அந்த வாய் இப்பவும் இருக்கு. யாரும் மூடலை. ஆனா வருசா வருசம் சேறு ஏறி, சாம்பான் வெளிய போக முன்ன நாலு மணி நேரம் தண்ணி இருந்தது இப்ப ரெண்டு மணி நேரம்கூட இல்லை. உத்தரவு போட்டு மூடினாத்தான் செய்தி. தானா மூடிக்கிட்டா அது வெறும் சேறு.

எங்களுக்கு வந்தது இதுதான். எந்த ஆபீசுக்குப் போனாலும் 'நாங்க எதுவும் மூடலையே'ன்னுதான் பதில்.

#11 பாகான்_பையன்

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. தஞ்சோங் தொக்கோங் பக்கம் 760 ஏக்கர் கடலைத் தூர்த்துத் தீவு போட்டாங்க. கர்னி டிரைவ் கடற்கரை முன்னாடி சேறு எப்படி ஏறிச்சுன்னு கண்ணால பார்த்தவன் நான், அப்புறம் அந்தக் கரையையும் தூர்த்துப் பூங்கா ஆக்கியாச்சு. தெற்குல மூணு தீவு, 4,500 ஏக்கர்னு ஆரம்பிச்சாங்க. பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் மீனவங்க வருசக் கணக்கா எதிர்த்த பிறகு 2023-ல ஒரு தீவாச் சுருங்குச்சு. அந்த ஒண்ணே 2,300 ஏக்கர். இதெல்லாம் கரைக்கு ஒண்ணும் பண்ணாதாம். பதினொரு சாம்பான் கட்டுற பாரிட்தான் கரையை அரிக்குதாம்! கேக்குறவன் கேணையனா இருந்தா...

#12 நெறியாளர்

அரசியல் இந்த அளவோட போதும். கரையைப் பத்தித் தாராளமாப் பேசுங்க, கட்சி வேண்டாம்.

#13 பழைய_டெக்னிஷியன்

தம்பியின் கோபம் புரிகிறது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் சேற்றையும் மணலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

டெக்சஸில் மணல் கரை. தண்ணீர் ஏறி இறங்குவது அரை மீட்டர் சொச்சம்தான், அலைதான் எல்லாவற்றையும் நடத்துகிறது. நமக்கு சுமத்ரா மறைவாக நிற்பதால் அலை சிறியது. ஆனால் பெரிய தண்ணீர் நாட்களில் (பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி) ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டரைத் தாண்டும். செபராங் பிறைக் கரை பெரும்பாலும் சேறு. சேறு மணல் மாதிரி உருண்டு போகாது, தண்ணீரில் கலங்கி மிதந்து போய், ஓட்டம் சோம்பும் இடத்தில் படியும். ஓட்டத்தை எங்கே தடுத்தாலும் அதன் மறைவில் படியும். அலையை உடைக்கிற காண்டா மரங்களை (சதுப்புநில மரங்களை) வெட்டினால் அந்த இடம் அரிக்கும். ஒரே கிலோமீட்டருக்குள் ஓரிடத்தில் சேறு ஏறுவதையும் பக்கத்தில் கரை கரைவதையும் நானே அளந்திருக்கிறேன்.

1985-இல் முடிந்த தேசியக் கடலரிப்பு ஆய்வு நம் நாட்டின் 4,809 கிலோமீட்டர் கரையில் ஏறக்குறைய 29 சதவீதம் அரிக்கிறது என்று சொன்னது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அறிக்கைதான் எங்களுக்கு வேதம். அதன்பின் தடுப்பு வேலைகள் எத்தனையோ நடந்தன. மண்ணணை, பாறை, பிந்து ஆயர். தூண்டில்காரன் சொல்கிற பாரிட்டில் பிந்து ஆயர் போட்டால் உப்புத் தண்ணீர் ஏறாது, அணை உடையாது, தாமானுக்கு நல்லது. வாய்க்கு இரண்டு பக்கமும் கரை அரிப்பதைக் கதவு தடுக்குமா? அளக்காமல் நான் ஆமாம் என்று சொல்ல மாட்டேன்.

#14 தூண்டில்காரன்

அங்கிள், கடைசி வரியை மூணு தடவை படிச்சேன். வந்தவங்க அளந்தது பாரிட்டோட அகலத்தைத்தான். கரையை அவங்க அளக்கவே இல்லை. நான் பக்கத்துலயே நின்னேன்.

ரோலோவர்ல பார்த்த ஒருத்தரை இங்க சொல்லணும். சக்கர நாற்காலியில வந்த பெரியவர், கால் ரெண்டும் முழங்காலுக்குக் கீழ இல்லை. கார்ல இருந்து இறங்கி நாற்காலியைச் சுவர் ஓரத்துல நிறுத்தி, பிரேக் போட்டு, நாற்காலிக் கைப்பிடியில பிவிசி குழாய் கட்டி அதுல தூண்டிலைச் செருகி வச்சிருந்தார். யாரும் உதவலை, உதவி தேவையும் படலை. படகு வேண்டாம், கடற்கரை மணல்ல சக்கரம் புதையுற தொல்லை வேண்டாம். கார் நிக்கிற இடத்துல இருந்து பத்தடியில ஆழமான தண்ணி, அதுல ஓடுற மீன். அப்படி ஒரு இடம் அந்தக் கரையில வேற எங்கன்னு என் மச்சானைக் கேட்டேன். யோசிச்சுட்டு, தெரியலைன்னார்.

மூடுறப்ப பதிலா மீன் பிடிக்கக் கடலுக்குள்ள நீட்டின பாலம் கட்டித் தர்றோம்னு பேசினாங்க. பாலம் நல்லதுதான். ஆனா கால்வாய்ல மீன் நம்மைத் தேடி வரும், வேற வழி கிடையாது அதுக்கு. பாலத்துல நாம மீனைத் தேடணும். தூண்டில் போடுறவனுக்கு இது புரியும், மத்தவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

#15 கெராச்சுட்_நடைக்காரன்

நான் மீன் பிடிக்கிறவன் இல்லை, காட்டுல நடக்கிறவன். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுல பந்தாய் கெராச்சுட் போனவங்க அந்த ஏரியைப் பார்த்திருப்பீங்க. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல ஒரு மணல் திட்டு. ஓடையில வர்ற நல்ல தண்ணி மேல, கடல் தண்ணி அடியில, ரெண்டும் கலக்காமலே கிடக்கும். சில மாசம் மணல் திட்டு வாயை அடைச்சிடும், ஏரி வத்தி வெறும் தரையாக்கூடத் தெரியும். மழை பிடிச்சா நிரம்பி வாயைத் தானே உடைச்சுக்கும். ஒரு தடவை தொங்குபாலத்துல நின்னு பார்த்தேன். காலையில போறப்ப மணல் மேல நடந்து ஏரியைச் சுத்தினேன், சாயங்காலம் திரும்பி வர்றப்ப அதே இடத்துல இடுப்பளவு தண்ணி கடலுக்குப் பாஞ்சுகிட்டிருக்கு.

அங்க யாரும் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. ஏன்னா பக்கத்துல வீடு இல்லை, ரோடு இல்லை. கரை நகர்றது கரையோட வேலை. அது நகரக்கூடாதுன்னு நினைக்கிறது பக்கத்துல நிலம் வாங்கினவன்.

#16 பழைய_டெக்னிஷியன்

உண்மைதான். ஆனால் தாமானைத் தூக்கி நகர்த்த முடியாதே நண்பரே.

#17 மீன்காரி_மகள்

தாமானை நகர்த்த முடியாது, சாம்பானை நகர்த்தலாம். எப்பவும் முடிவு இந்த இடத்துலதான் வந்து நிக்குது, கவனிச்சீங்களா?

இதே பினாங்குல 1970-கள்ல கோலா ஜூருல நடந்ததைப் பெரியவங்க மறந்திருக்க மாட்டாங்க. பிறைத் தொழிற்பேட்டைக் கழிவு ஆத்துல இறங்கி மீன் போச்சு. மீனவங்க ஒண்ணு சேர்ந்து, பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் கூட நின்னு, பேப்பர்ல வந்துச்சு. அப்புறம் அந்தச் சனமே கூட்டுறவு வச்சு கெராங் சிப்பி வளர்த்தாங்க. மறைந்த எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் ஐயா காலத்துக் கதை. அவங்களுக்கு யாரும் பாலம் கட்டித் தரலை. என்ன கெட்டுச்சு, யாரால கெட்டுச்சுன்னு அவங்க கையில விவரம் இருந்துச்சு, அதைச் சத்தம் போட்டுச் சொன்னாங்க.

தூண்டில்காரன் அண்ணே, உங்க பாரிட்டுக்கு இன்னும் உத்தரவு வரலை இல்லையா? அப்ப கையில விவரத்தைச் சேருங்க. எத்தனை சாம்பான், எத்தனை வீடு அதுல சாப்பிடுது, எந்த மாசம் என்ன மீன். கரை எவ்வளவு போகுதுன்னு நீங்களே அளங்க. அளந்த சீட்டு இல்லாம கூட்டத்துக்குப் போனா தேத்தண்ணியும் கறிபாப்பும் குடுத்து அனுப்பிடுவாங்க. எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. கறிபாப் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க.

#18 பாகான்_பையன்

அக்கா 😂 அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

அண்ணே, சனிக்கிழமை நான் வர்றேன். டேப் என்கிட்ட இருக்கு, அம்பது மீட்டர்.

#19 தூண்டில்காரன்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எழுதுறேன். நேத்து தம்பியும் வந்தான். பாரிட் வாய்க்கு வடக்கே ஆறு இடம், தெற்கே ஆறு இடம். சாம்பான்காரர் ஒருத்தர், எழுபது தாண்டின மலாய்க்காரப் பெரியவர், கூடவே நடந்தார். தெற்குல ஒரு தென்னை வேர் வெளிய தொங்குது. அந்த மரத்துக்கு முன்னாடி அவர் சின்ன வயசுல பந்து விளையாடினாராம். வடக்குல ஒண்ணும் அரிக்கலை, சேறுதான் ஏறியிருக்கு. அப்ப பாரிட்தான் காரணமா, இல்லை தெற்குல காண்டா மரத்தை வெட்டி நடைபாதை போட்டது காரணமான்னு அவர்கிட்ட கேட்டேன். சிரிச்சார். பாரிட் அவங்கப்பா காலத்துல இருந்தே இருக்குன்னார். நடைபாதை வந்து எத்தனை வருசம்னு என்னையே திருப்பிக் கேட்டார்.

இது ஆதாரம் இல்லைன்னு எனக்கும் தெரியும் அங்கிள், கோவிச்சுக்காதீங்க. பன்னெண்டு இடத்துலயும் கரை விளிம்புல மூங்கில் குச்சி அடிச்சிருக்கோம், சிவப்புச் சாயம் பூசி. மாசாமாசம் பௌர்ணமிக்கு மறுநாள் போய்ப் பார்க்கலாம்னு ஏற்பாடு. உண்மையிலயே பாரிட்டாலதான் அரிக்குதுன்னு வந்துச்சுன்னா நானே முதல் ஆளா எழுதுறேன்.

#20 பழைய_டெக்னிஷியன்

கோபமெல்லாம் இல்லை. ஆனால் குச்சியை விளிம்பில் அடித்தது தப்பு. அரிப்பு வந்தால் முதலில் போவது உங்கள் குச்சிதான், எவ்வளவு போனது என்று சொல்ல ஆள் இருக்காது. ரோட்டுப் பக்கம் அசையாத ஒன்றைப் பிடியுங்கள். விளக்குக் கம்பம், பாலத்துத் தூண். அங்கிருந்து விளிம்பு வரை அளந்து எழுதுங்கள், தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு ஏறியிருந்தது எல்லாம் சேர்த்து. அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன். எத்தனை மணிக்குத் தண்ணீர் இறங்குகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

#21 சீனி_குறைவா

காலையில 8 மணிக்கு மேல இறங்கும். ஃப்ளாஸ்க் நான் கொண்டு வர்றேன்.